விளக்கு ஒன்று சொன்னது, ஸ்டிக் ஒன்று சொன்னது

போன மாதம் காட்டுப்பாக்கம் ஷெட்டிலிருந்து கவிதா மேடம் போன் செய்தார். இப்போது அங்கே ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் அவர்தான். நான் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. புதிதாக வாங்கியிருக்கும் கேரவன்களில் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான ஆயில் ஸ்டிக்கே கிடையாதாம். டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறதாம், அதில் தொட்டால் இன்ஜின் ஆயில் எவ்வளவு என்று காட்டிவிடுமாம். ஆனால் பழைய வண்டிகள் ஆறு இன்னும் ஓடுகின்றன.

"அந்த ஆறு வண்டிக்கும் ஆயில் லெவல் எப்படிப் பார்க்கணும்னு நாலு வரி எழுதிக் குடுங்க சார். டிரைவர் ரூம்ல ஒட்டிடறேன்" என்றார்.

நாலு வரிதானே என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 'ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி செருகிப் பார்க்கவும்' என்று முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டேன். 'ஸ்டிக் காட்டுவதை நம்பவும்' என்று எழுதுவதா, 'நம்ப வேண்டாம்' என்று எழுதுவதா? இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்தேன். முப்பத்தைந்து வருடம் இன்ஜினோடு இருந்தவனுக்கு இதில் என்ன குழப்பம் என்று தோன்றலாம். குழப்பத்துக்குக் காரணம் ஏழுமலை என்ற ஒரு டிரைவருக்கு என்னால் நேர்ந்தது. அதைச் சொல்லாமல் அந்த நாலு வரியை என்னால் எழுத முடியவில்லை.

அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்தேன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் அப்ரன்டிஸ். அப்புறம் பூந்தமல்லியில் ஒரு லாரி ஷெட்டில் பல வருடம் டீசல் மெக்கானிக். லாரி எனக்குப் புரியும். சுமை ஏற்றினால் அழுந்தும், இறக்கினால் எழும்பும். கேரவன் அப்படி இல்லை. ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் தங்க, மேக்கப் போட, தூங்க, குளிக்க என்று லாரிச் சேஸிஸ் மேல் ஒரு வீட்டையே கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் ஜெனரேட்டர், பின்னால் கட்டில், நடுவில் சோபா. வண்டி நின்றால் மணிக்கணக்கில் நிற்கும். ஓடினால் அவசரமாக ஓடும். காட்டுப்பாக்கத்தில் இப்படி எட்டு வண்டி வைத்திருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த தொழில்தான் என்று நினைத்துத்தான் போனேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தயாளன் சார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சிலும் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றும் இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். திட்டவும் மாட்டார். கேள்வி மட்டும் கேட்பார்.

சேர்ந்த இரண்டாம் நாள், "ஆயில் கம்மியா இருந்துச்சு சார், ரெண்டு லிட்டர் ஊத்திட்டேன்" என்று சொன்னேன்.

"வண்டி எங்க நின்னுது?"

"கேட் ஓரத்துல சார்."

"கேட் ஓரத்துல தரை எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கூடவே வந்தார். ரசமட்டத்தை எடுத்துச் சேஸிஸ் மேல் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"தண்ணித் தொட்டி நிறைஞ்சிருக்கா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. திறந்து பார்த்தால் விளிம்பு வரை தண்ணீர். தரையும் சாய்வு, தொட்டியின் எடையும் அதே பக்கம். இன்ஜினுக்குள் ஆயிலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்டிக் நனையும் இடத்தில் குறைவாகத் தெரிந்திருக்கிறது. வண்டியை ஷெட்டின் சிமென்ட் தரைக்குக் கொண்டுவரச் சொன்னார். பத்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு ஸ்டிக்கை உருவினால், அதில் வெட்டியிருக்கும் இரண்டு கோடுகளில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில். நான் ஊற்றிய இரண்டு லிட்டரையும் நானே இறக்க வேண்டி வந்தது.

அவருடைய முறை இதுதான். சமதரையில் நிறுத்த வேண்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும், மேலே ஏறிய ஆயில் கீழே சம்ப் என்ற ஆயில் தொட்டிக்கு இறங்குவதற்கு. ஸ்டிக்கை உருவித் துடைத்து, அடி வரை செருகி, மறுபடி உருவ வேண்டும். உருவியதும் செங்குத்தாகப் பிடிக்கக் கூடாது, ஆயில் வழிந்து கோடு மாறிவிடும். படுக்கை வாட்டில் பிடித்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைவாக இருப்பதுதான் கணக்கு. குறைந்தால் பேரிங் போய்விடும். கூடினாலும் ஆபத்து, கிராங்க் தண்டு சுற்றும்போது ஆயிலை மோராகக் கடைந்துவிடும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி. புது ஆயில் ஊற்றும்போது முதலில் அளவு கேனால் அளந்து ஊற்ற வேண்டும். எங்கள் வண்டிகளுக்குப் பத்தரை லிட்டர். அளந்து ஊற்றிய பிறகுதான் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே ஊற்றக் கூடாது. "ஏன் சார், ரெண்டும் ஒண்ணுதானே?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணா இருந்தா நல்லதுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவில் போயிருந்தபோது நல்ல மழை. மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் என்று இரண்டு கேரவன் ஒரே நேரத்தில் ஆயில் மாற்ற வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் மறுநாள் காலையில் ஷூட்டிங் போக வேண்டும். அளவு கேனைத் தேடினேன், கிடைக்கவில்லை. பேரலிலிருந்து பம்ப்பில் நேராக ஊற்றினேன். ஸ்டிக்கைப் பார்த்து, மேல் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினேன். இரண்டு வண்டிக்கும் அப்படித்தான். வேலை சீக்கிரம் முடிந்தது. ரிஜிஸ்டரில் 'பத்தரை லிட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

ஐந்தாம் நம்பரை ஓட்டியவன்தான் ஏழுமலை. ஆவடி சேக்காட்டுக்காரன். நாற்பது வயது இருக்கும். வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுக்கிறவன். இரண்டு வாரம் கழித்து என்னிடம் வந்தான்.

"அண்ணாத்தே, பாடி மேம்பாலத்துல திரும்பறேன், ஆயில் லைட்டு பளிச்னு எரிஞ்சு அணையுது. நேரா போனா ஒண்ணும் இல்ல. இன்னான்னு பாரு."

ஷெட்டில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, ஸ்டிக்கைப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. நல்ல அளவு.

"ஆயில் இருக்குப்பா. லைட்டுக்குப் போற ஒயர்லதான் கோளாறு."

ஒயரைச் சுத்தம் செய்தேன். நாலு நாளில் திரும்பி வந்தான். சென்சாரை மாற்றினேன். மறுபடியும் வந்தான்.

"அதே பாலம், அதே திருப்பம், அதே லைட்டு. எனுக்கு ஒண்ணும் புரியல அண்ணாத்தே. லைட்டு இல்லன்னுது, நீ கீதுன்ற. நான் யாரை நம்பறது?"

எனக்கும் புரியவில்லை. அவன் எதிரிலேயே ஸ்டிக்கை உருவிக் காட்டினேன். இரண்டு பேரும் படுக்கை வாட்டில் பிடித்துப் பார்த்தோம். ஆயில் கோட்டில்தான் இருந்தது. கண்ணால் பார்த்ததற்கு மேல் வேறென்ன வேண்டும்? "லைட்டுதான் தப்பு. ஓட்டு" என்றேன்.

தயாளன் சாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேள்வி கேட்பார் என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டப்பகலில், பூந்தமல்லி சாலை நடுவே ஐந்தாம் நம்பர் நின்றுவிட்டது. இன்ஜினில் பெரிய சத்தம் கேட்டு அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த மணல் லாரி ஒரு கை தூரத்தில் பிரேக் அடித்து நின்றிருக்கிறது. உள்ளே முடி அலங்காரம் செய்கிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வேகமாக லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் யோசிக்க முடியவில்லை.

நானும் சாரும் மேனேஜரும் போனோம். ஏழுமலை ஓரமாக நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் சூட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆயில் போதாமல் பேரிங் உருகியிருக்கிறது. ஆனால் ஸ்டிக்கை உருவினால் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் இருந்தது. டிரைவர் கேபினில் சீட்டுக்கு அடியில் ஒரு லிட்டர் ஆயில் டின் ஒன்று காலியாகக் கிடந்தது.

மேனேஜர் டின்னை எடுத்து ஆட்டினார். "இது எப்ப ஊத்துனது?"

"போன வாரம் சார். கொஞ்சம் கொறஞ்சுது, ஊத்துனேன்."

"போன வாரமா, இப்ப அரை மணிக்கு முன்னாடியா?"

"இன்னா சார் சொல்றீங்க? காத்தால பாத்துட்டுதான் எட்த்தேன். தெனமும் பாக்கறேன் சார். அண்ணாத்தையைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆயில் இல்லாமல் பேரிங் உருகியிருக்கிறது, ஆனால் ஆயில் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நின்ன பிறகு ஊத்தியிருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு வாக்கியம். 'ஊத்தினான்' என்று நான் சொல்லவில்லை, 'ஊத்தியிருக்கலாம்' என்றுதான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தான். மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். போனான்.

வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தியதும் தயாளன் சார் ஆயிலைக் கீழே இறக்கச் சொன்னார். தானே அளவு கேனைப் பிடித்தார். ஏழு லிட்டர் வந்தது.

"எவ்வளவு ஊத்தினே?"

"பத்தரை சார்."

"ஸ்டிக் நடுவுல காட்டுச்சு. நடுவுல காட்டினா ஒன்பதுக்கு மேல வரணுமே."

கேன்தான் தப்போ என்று வேறு கேனில் அளந்தோம். ஏழுதான். அதே ஏழு லிட்டரை மறுபடி உள்ளே ஊற்றி ஸ்டிக்கை விட்டுப் பார்த்தோம். நடுவில் காட்டியது. சம்ப் அடிபட்டு உள்ளே குழிந்திருந்தால் கொஞ்சம் ஆயிலே நிறைய ஆயிலாகத் தெரியும் என்று சார் சொன்னார். கழற்றினோம். இஞ்ச் டேப்பால் மூலைக்கு மூலை அளந்தோம். குழி இல்லை. சார் பென்சிலால் ஒரு காகிதத்தில் ஏழு என்று எழுதி, பக்கத்தில் பத்தரை என்று எழுதி, நடுவே ஒரு கேள்விக்குறி போட்டுச் சுவரில் ஒட்டினார். அதைப் பார்க்காமல் நான் ஷெட்டுக்குள் நடக்க முடியவில்லை.

ஏழுமலை ஊற்றினான் என்றால் ஒரு லிட்டர்தான் ஊற்றியிருக்க முடியும். அப்படியானால் அதற்கு முன் ஆறு. ஆறு இருந்தபோது ஸ்டிக் என்ன காட்டியிருக்கும்? நான் அவனோடு சேர்ந்து பார்த்த அன்று கோட்டில்தானே இருந்தது? என் கண்ணில் கோளாறா? டாக்டரிடம் போய்க் கண்ணைக்கூடச் சோதித்துக்கொண்டேன். கண்ணில் குறை இல்லை என்றார். வீட்டில் என் மனைவி, "ஏன் ஸ்பூனையெல்லாம் படுக்க வச்சுப் பார்க்கறீங்க?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நம்பர் நின்றுபோன ஒன்பதாம் நாள் மூன்றாம் நம்பர் நீலப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. காற்று போகும் குழாய்க்குள் ஆயில். பின்பக்க ஆயில் சீல் பிதுங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கைப் பார்த்தேன். மேல் கோட்டில் சரியாக நின்றது. சார் கேனை எடுத்து வந்து டிரெயின் நட்டைக் கழற்றினார். பத்தரை தாண்டியது. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றில் சொட்டி நின்றது.

அப்புறம் அவர் இரண்டு வண்டியின் ஸ்டிக்கையும் எடுத்துவந்து மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பிடி, ஒரே நிறக் கம்பி. கேரவனுக்குப் பாடி கட்டியபோது இன்ஜின் மூடிக்கொண்டதால், வெளியிலிருந்து கை எட்ட வேண்டும் என்று பாடி கட்டியவர்கள் ஸ்டிக் குழாயை நீட்டி, ஸ்டிக்கையும் நீட்டி வெல்டிங் வைத்திருந்தார்கள். கண் அளவில் செய்த வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் குழாய்க்கு ஏற்ற நீளத்தில் ஸ்டிக். பிடியை வரிசையாக வைத்ததும் கோடுகள் வரிசைக்கு வரவில்லை. ஒன்றைவிட இன்னொன்று ஒரு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம்.

நீளமான ஸ்டிக் மூன்றாம் நம்பருடையது. ஐந்தாம் நம்பரில் கிடந்தது. அதில் கோடு ஆழத்தில் போய் நின்றதால், கொஞ்ச ஆயிலிலேயே நிறைந்தது போலக் காட்டியிருக்கிறது. குட்டையான ஸ்டிக் மூன்றாம் நம்பரில் கிடந்து, அளவுக்கு மேல் ஊற்ற வைத்திருக்கிறது. விளக்கு சொன்னதுதான் உண்மை. மேம்பாலத்தில் திரும்பும்போது இருந்த கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல் போயிருக்கிறது.

"கடைசியா ரெண்டு வண்டியையும் ஒண்ணா நிறுத்தி ஆயில் மாத்தினது யாரு?" என்று சார் கேட்டார்.

"நான்தான் சார்."

"அளந்து ஊத்தினியா?"

"இல்ல சார்."

ஸ்டிக்கை நான்தான் மாற்றிப் போட்டேனா? இன்று வரை எனக்குத் தெரியாது. மழை பெய்தது ஞாபகம் இருக்கிறது. பம்ப் வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. இரண்டு ஸ்டிக்கையும் துடைத்து எங்கே வைத்தேன் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அதற்கு முன் வண்டி கழுவியவர்கள் உருவி மாற்றிப் போட்டிருக்கலாம். நானாகவும் இருக்கலாம். சாரிடம் அப்படியே சொன்னேன்.

"மாத்தினது யாருன்னு நமக்குத் தெரியல. அளக்காதது யாருன்னு தெரியும்" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

அன்றே அவர் எல்லா வண்டியிலும் அளந்து ஆயில் ஊற்றி, ஒவ்வொரு ஸ்டிக்கிலும் புதிதாகக் கோடு வெட்டி, பிடியில் வண்டி நம்பரைக் கொத்தினார். நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். எனக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. மேனேஜர் ஏழுமலைக்குப் போன் செய்தார். மேனேஜர் பெயரைக் கேட்டதும் அவன் துண்டித்துவிட்டானாம். "இது போன்ல சொல்ற விஷயம் இல்ல. நேர்ல போ" என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அப்படியே சேக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது அவன் மனைவி கலா. நான் யார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"இன்னா, இன்னும் சொல்றதுக்கு இன்னா பாக்கி கீது?"

உள்ளேயிருந்து ஏழுமலை, "உள்ள வரட்டும்" என்றான். பாய் மேல் உட்கார்ந்து பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஸ்டிக் மாறியிருந்தது, நான் அளக்கவில்லை, ஏழு லிட்டரைப் போதுமான அளவாக ஸ்டிக் காட்டியது, லைட்டு சொன்னது சரி, நீ சொன்னது சரி.

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அப்போ நான் பாத்துட்டுதான் எட்த்தேனா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னப்பா கேக்கறே?"

"இல்ல அண்ணாத்தே. எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே டவுட்டு வந்துருச்சு. தெனமும் பாக்கறவன்தான். அன்னிக்கு ஒருநா வுட்டுட்டேனோன்னு. காத்தால டீ குடிச்சது ஞாபகம் கீது, சாவி வாங்கனது ஞாபகம் கீது. ஸ்டிக்கை உருவுனது மட்டும் வரவே மாட்டுது. ரெண்டு பொம்பளைங்க சாவப் பாத்தாங்களே என்னாலன்னு..."

சாலையில் லாரி நின்ற தூரத்தை நான் நினைத்துக்கொண்டிருந்தது போலவே அவனும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆனால் தன்னால் என்று நினைத்து. அவனை அப்படி நினைக்க வைத்தது என் ஒரு வாக்கியம்.

"நீ பார்த்தேப்பா. பார்த்துட்டுதான் எடுத்தே" என்றேன். "வேலைக்குத் திரும்பக் கூப்பிடறாங்க."

"வேலை வேணாம். காலேஜ் பஸ் ஓட்றேன், நல்லாத்தான் கீது" என்றான்.

கலா அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஒரு நிமிசம் இருங்க, போயிராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழ்வீட்டுக்கு ஓடினாள். ஏழுமலைக்குக் கேரவன் வேலையை வாங்கிக் கொடுத்தது அங்கே இருந்த அவளுடைய அண்ணன். விபத்துக்குப் பிறகு அவர் ஏழுமலையோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். துண்டைத் தோளில் போட்டபடி அவர் மாடி ஏறி வந்தார்.

"எங்கண்ணன் கையிலயும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஏழுமலை பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அதற்குள் கலா கல்லூரியில் படிக்கும் மகளை எழுப்பிக் கூட்டிவந்தாள். மகளுக்குச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார். "வாங்கக்கா, நீங்களும் கேளுங்க" என்று அவரையும் உள்ளே இழுத்தாள். அந்த அம்மாளுக்கு இன்ஜின் என்றால் என்ன என்றே தெரியாது. அவருக்குப் புரிகிற மாதிரி நாலாவது முறையாக முதலிலிருந்து தொடங்கினேன். வெட்கத்திலும் தொண்டை வறண்டதிலும் எனக்குக் கணக்கு தடுமாறியது. "பத்து லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு..." என்று ஏதோ சொன்னேன்.

ஏழுமலை விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"பத்தரைக்கு ஏழு அண்ணாத்தே. சரியா சொல்லு."